வான்விழிக்கு வாய்த்த பட்டப்பேர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காலம் முழுக்கக் கத்திவிட்டுத்தான் கெடும். பேர் சார் ஒரே ஒரு வாக்கியத்தில் கெட்டார். அதுவும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது.

பேர் சார் என்பது அவருடைய பேர் இல்லை, உத்தியோகம். விமானப்படைத் தளத்தில் பெயர்ப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. புதிதாக எந்த விமானம் வந்தாலும் அதற்கு அரசாங்க முத்திரையோடு பேர் வைப்பது அந்த அறையின் வேலை. அறையில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு பேர் சார். அவர் யோசித்து யோசித்துப் பேர்களை அனுப்புவார். மேலே ஒரு குழு உட்கார்ந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு ஆயிரம் சட்டம். சண்டை விமானம் என்றால் வேட்டைப்பறவையின் பேர். சரக்கு விமானம் என்றால் மலை. பயிற்சி விமானம் என்றால் சின்னக் குருவி. ரேடியோவில் கேட்டால் இன்னொரு பேரோடு குழம்பக் கூடாது. கேட்டதும் எதிரிக்கு வயிறு கலங்க வேண்டும், சொல்லும்போது நம் பைலட்டுக்கு நாக்குக் குழறக் கூடாது.

இத்தனை பாடுபட்டு வைத்த பேரை ஒருத்தரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் அவருடைய துக்கம். 'வல்லூறு' என்று வைத்தார். ஒல்லியாக இருக்கிறது என்று அதை 'பென்சில்' ஆக்கினார்கள். 'வான்மலை' என்று வைத்தார். அது 'பூசணிக்காய்' ஆனது. 'சிட்டு' என்ற பயிற்சி விமானம் கிளம்பும்போது கொஞ்சம் சிணுங்கும். அதனால் 'அழுமூஞ்சி'. பட்டப்பேருக்குக் குழுவும் கிடையாது, முத்திரையும் கிடையாது. விமானக் கொட்டகையில் எவராவது எதையாவது சொல்லிவைப்பார், மறுநாள் அது பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

சமீபத்தில் ஆளில்லாத குட்டி விமானம் ஒன்று வந்தது. அதற்கு ஒரே வேலை, மேலே போய் அடி வாங்குவது. பீரங்கிக்காரர்கள் அதைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுவார்கள். தப்பித்தால் பாராசூட் குடையை விரித்துக்கொண்டு இறங்கும். ஓட்டையை ஒட்டி மறுபடி அனுப்புவார்கள். பேர் சார் அதற்குச் 'சண்டமாருதம்' என்று வைத்தார். அந்த விமானத்தின் மேல் அவருக்கு என்னவோ ஒரு தனிப் பாசம். அதற்குப் பட்டப்பேர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

அப்புறம்தான் வான்விழி வந்தது. வேவு விமானம். முதுகில் பெரிய வட்டத்தட்டு, அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொட்டகையில் எல்லாரும் டீயோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, பைலட் பெருமையாக விளக்கினார்.

"இது எங்கேயும் போய்த் தேடாது. ஒரே இடத்துல சுத்திக்கிட்டே நூறு மைலுக்கு அந்தப்பக்கம் நடக்கிறதைப் பார்த்துடும். பார்த்ததை உடனே சொல்லாது. எல்லாத்தையும் சேர்த்து வச்சுக்கிட்டு, சரியான நேரத்துல சொல்லும். இதுகிட்ட இருந்து ஒருத்தனும் ஒளிய முடியாது."

அந்த இடத்தில் பேர் சார் வாயைப் பொத்திக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம். விதி யாரை விட்டது.

"இதுல என்னங்க அதிசயம்," என்றார். "எங்க வீட்டு ஆடிட்டரம்மா சமையலறையில நின்னுக்கிட்டே, நான் கேன்டீன்ல கிரீம் பன் தின்னதைக் கண்டுபிடிக்கிறா."

கொட்டகையே அதிர்ந்தது. பெரிய மெக்கானிக்குக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேர் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏனென்றால் 'ஆடிட்டரம்மா' என்பது அவர் மனசுக்குள் மட்டும் வைத்திருந்த பேர். பல வருஷமாக உள்ளே பூட்டி வைத்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே வந்து காற்று வாங்கியது.

"ஏம்ப்பா, அதை யாரும் வெளியில சொல்லிடாதீங்க," என்று பெரிய மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதை சார்?"

"அதான், ஆடிட்டரம்மான்னு சொன்னேனே."

"நீங்க இப்ப சொல்லாம இருந்திருந்தா மறந்தே போயிருப்பேன் சார்," என்றார் மெக்கானிக் வருத்தத்தோடு.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "ஓடுபாதையைக் காலி பண்ணுங்க. ஆடிட்டரம்மா இறங்குறாங்க." பேர் சார் பூட்டிய ஆபீஸை மறுபடி ஒருதடவை பூட்டினார்.

பயப்படக் காரணம் இருந்தது. அவர் மனைவி சாதாரண மனைவி இல்லை. வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மிஷின் போட்டு, தளத்துக்கு வேண்டிய பேட்ஜ் எல்லாம் தைத்துக் கொடுப்பவள். ஒரு விமானத்துக்குப் பட்டப்பேர் நிலைத்துவிட்டால், அதில் வேலை செய்கிற கூட்டம் அந்தப் பேரைப் படத்தோடு துணியில் தைத்துச் சட்டைக் கையில் மாட்டிக்கொள்வது வழக்கம். பென்சிலும் பூசணிக்காயும் அழுமூஞ்சியும் அவள் மிஷினில்தான் பிறந்தன. ஆடிட்டரம்மாவும் இன்றில்லாவிட்டால் நாளை அங்கேதான் வந்து நிற்பாள்.

அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கத்தினால் காதைப் பொத்திக்கொள்ளலாம். பேசமாட்டாள். மிஷின் மட்டும் டடடடவென்று பேசும். ஒருதடவை அவளுடைய சமையலைப் பற்றித் தம்பியிடம் ஏதோ கிண்டலாகச் சொல்லிவிட்டார். அதற்கு அவர் அனுபவித்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதையெல்லாம் விட இன்னொன்று இருந்தது. அதுதான் உண்மையில் அவர் நெஞ்சைப் பிசைந்தது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கிற இரும்புக்கெல்லாம் பேர் வைக்கிறீங்க. எனக்கு ஒரு செல்லப்பேர் வச்சீங்களா?"

அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். நல்ல பேராக வைக்க வேண்டும் என்றுதான் யோசித்தார். கடைசியில் அவளுக்கென்று அவர் வைத்த ஒரே பேர் இது. அது அவளுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோகும். அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தார். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"புது விமானம் வந்திருக்காமே?"

"அது வந்து... ஆமா."

"என்ன பேரு?"

"வான்விழி."

"நல்லாத்தான் இருக்கு. பட்டப்பேரு?"

"அது வந்து... இன்னும் ஒண்ணும் வைக்கலை."

"ஏன் இப்படி வேர்க்குது?"

"அது வந்து... வெளியில வெயில்."

"சூரியன் இறங்கி எவ்வளவு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு நூலைக் கத்தரித்தாள். அந்தக் கத்தரிச் சத்தம் தன் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்ட மாதிரி இருந்தது பேர் சாருக்கு. மளமளவென்று சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க, அதெல்லாம் தேய்ச்சு வச்ச பாத்திரம்."

"அது வந்து... இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு."

மறுநாள் மாடி வீட்டு வானிலைக்காரரிடம் போய்ப் புலம்பினார். வானிலைக்காரர் தளத்தில் மழை வருமா வராதா என்று சொல்பவர். அவர் சொன்னால் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். பயம் வந்துவிட்டால் புத்தி போகிற இடம் அப்படித்தான்.

"பட்டப்பேரை அழிக்க முடியாது சார்," என்றார் வானிலைக்காரர். "ஒரு பேரை இன்னொரு பேரை வச்சுத்தான் விரட்டணும். முள்ளை முள்ளால எடுக்கிற மாதிரி."

"என்ன பேர் வைக்கலாம்?"

"முதுகுல வட்டமா இருக்கில்ல? ஆமைன்னு வைங்க. கச்சிதமா இருக்கும்."

பேர் சாருக்கு உயிர் வந்தது. அரசாங்கப் பேர் வைப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு ஒரு பட்டப்பேர் வைக்கத் தெரியாதா. கொட்டகை முழுக்கத் தன் செலவில் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஆமை எப்படிப் பறக்குது?", "ஆமைக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்று ஆளுக்கு ஒரு கேள்வி. பன்னை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் "நல்லாப் பறக்குது சார்" என்றார்கள். பன் தீர்ந்ததும், "ஆடிட்டரம்மாவுக்கு இடதுபக்க டயரை மாத்தணும்ப்பா" என்று வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவர் விடவில்லை. கரும்பலகையில் போய் 'ஆமை' என்று எழுதினார். ஒலிபெருக்கிக்காரரிடம் கெஞ்சினார். பைலட்டைப் படிக்கட்டில் மடக்கினார். கடைசியில் பெரிய மெக்கானிக்தான் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார்.

"சார், உங்களுக்கு அரசாங்கச் சட்டம் தெரியும். கொட்டகைச் சட்டம் தெரியாது. பட்டப்பேர் தானா வரணும். ஒரு பேரைத் தூக்கிக்கிட்டு அலையறவனுக்கு அந்தப் பேரு கிடைக்காது. அவனுக்கே ஒண்ணு கிடைச்சுடும். வேண்டாம், விட்டுடுங்க."

"எனக்கு என்னப்பா கிடைக்கும்? நானே பேர் சார்," என்று சிரித்தார் நம்ம ஆள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பின்னால் அனுபவித்தார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில் பெரிய மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிள் நின்றது. பேர் சார் அதைத் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டார். அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடி எங்கே போவது? சாப்பாடு, படுக்கை எல்லாம் இந்தப் பக்கம்தான் இருந்தது. வாசலில் இடதுகால் செருப்பை இரண்டு தடவை கழற்றினார்.

உள்ளே மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி பென்சிலும் தாளுமாக இருந்தாள்.

"வாங்க. வான்விழிக்குப் பேட்ஜ் வேணுமாம்," என்றாள். "பட்டப்பேர் என்னன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், நீங்க வந்துட்டீங்க."

மெக்கானிக் வாயைத் திறந்தார். பேர் சார் முந்திக்கொண்டார்.

"ஆமை."

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"ஆமையா?"

"அது வந்து... முதுகுல வட்டம் இருக்கில்ல. அதனால ஆமை. எல்லாரும் ஆமைன்னுதான் கூப்பிடுறாங்க. ஏம்ப்பா, அப்படித்தானே?"

மெக்கானிக் பாவம், மறுபடி கூரையைப் பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

"ஆமைன்னு எல்லாரும் கூப்பிடுறாங்க," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். தாளில் என்னவோ எழுதினாள். "சரி, தைச்சுடறேன்."

அவ்வளவுதான். கோபம் இல்லை, கேள்வி இல்லை. பேர் சாருக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த அப்பாடா போய்விட்டது. ஏனென்றால் அவள் சிரித்த முகமாக இருந்தாள். காரணமில்லாமல் சிரிக்கிற மனைவியைப் பார்த்துப் பயப்படாத புருஷன் இன்னும் பிறக்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் அவர் கால் தரையில் பாவவில்லை. அவள் பேட்ஜ்களைத் தைத்துத் தைத்துத் துணி போட்டு மூடிவைத்தாள். அவர் எட்டிப் பார்த்தால், "என்ன வேணும்?" என்பாள். "அது வந்து... துடைப்பம் தேடினேன்," என்பார். சொன்னதற்காகக் கூட்டுவார். துணி துவைத்தார். ஒட்டடை அடித்தார். பல வருஷமாகச் சொட்டிய குழாயைச் சரிபண்ணினார். கிரீம் பன் பக்கமே திரும்பவில்லை. அவள் "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றாலே அவருக்குப் பகீர் என்றது. தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்திருந்தால் ஏன் பேசுகிறாள்? தெரியாவிட்டால் ஏன் சிரிக்கிறாள்? ராத்திரி தூங்கும்போது உளறிவிடுவோமோ என்ற பயத்தில் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தார்.

பேட்ஜ் மாட்டுகிற நாள் வந்தது. அன்றைக்குக் குடும்பத்தோடு கொட்டகைக்கு வரலாம். பேர் சார் காலையிலேயே எழுந்து இருமினார்.

"காய்ச்சல் மாதிரி இருக்கு. போக வேண்டாம்னு பாக்குறேன்."

அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்கு. சட்டையைப் போடுங்க."

கொட்டகை வாசலை நெருங்க நெருங்க அவர் நடை சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனாள். வான்விழி நடுவில் நின்றது. முன்னால் அதன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவளைப் பார்த்ததும் வரிசை முழுக்க விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது.

"வாங்க ஆடிட்டரம்மா," என்றார் பைலட்.

பேர் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பார். மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒவ்வொருத்தர் சட்டைக் கையிலும் ஒரு பேட்ஜ். அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. தலைக்கு மேல் வட்டத்தட்டு. கையில் பாதி தின்ற ஒரு கிரீம் பன்னைச் சாட்சிப் பொருள் மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே தங்க நூலில் 'ஆடிட்டரம்மா'. மூக்கு, கண்ணு, நெற்றிப் பொட்டு எல்லாம் அசல் அவளேதான். அவ்வளவு அழகாக அவள் வேறெதையும் தைத்ததில்லை.

"உனக்கு... உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மெக்கானிக் சம்சாரம் வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ பாத்திரம் தேய்ச்சது, ஒட்டடை அடிச்சது..."

"நான் சொல்லியா செஞ்சீங்க? நீங்களாத்தானே செஞ்சீங்க."

"கோபமில்லையா உனக்கு?"

அவள் வான்விழியின் முதுகில் சுற்றுகிற தட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"முதல்ல வந்துச்சு. அழுகைகூட வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். செல்லப்பேர் கேட்டேன், வச்சுட்டீங்க. அதுவும் இவ்வளவு பெரிய விமானத்துக்கு. நான் கடைக்குப் போனா ஆடிட்டரம்மான்னு நாலு பேர் எழுந்து நிக்கிறாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்." கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "நீங்க என்ன பண்ணீங்க? ஊருக்கெல்லாம் பன் வாங்கிக் குடுத்து, என்னை ஆமைன்னு மாத்தப் பாத்தீங்க."

பேர் சாருக்கு இப்போது உறைத்தது. இத்தனை நாள் எந்தக் குற்றத்துக்குப் பயந்தாரோ அது குற்றமே இல்லை. அதை மறைக்கச் செய்ததுதான் குற்றம். அவள் மனசைக் காப்பாற்றுகிறேன் என்று போய், அந்த மனசுக்குப் பிடித்த ஒன்றைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் மூலையில் நின்ற இன்னொரு சின்னக் கூட்டம் கண்ணில் பட்டது. சண்டமாருதத்தைப் பறக்கவிடுகிற ஆட்கள். அவர்கள் சட்டையிலும் புதுப் பேட்ஜ் இருந்தது. பேர் சாருக்குப் பாசம் பொங்கியது. கடைசியில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பேர் வந்துவிட்டதே என்று கிட்டப்போய்ப் பார்த்தார். படத்தில் குட்டி விமானம் ஒன்று. உடம்பெல்லாம் ஓட்டை, ஓட்டை மேல் ஒட்டு, நெற்றியில் வேர்வைத் துளி. கீழே மூன்று எழுத்தும் இல்லை, நான்கு எழுத்தும் இல்லை. 'அதுவந்து' என்று ஐந்து எழுத்து.

"இது என்னப்பா பேரு?"

"ஸ்டார்ட் பண்ணும்போது உடனே கிளம்பாது சார்," என்றார் ஒருத்தர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கொஞ்ச நேரம் இழுக்கும், நடுங்கும், அப்புறம்தான் கிளம்பும். பேட்ஜ் விஷயமா வீட்டுக்குப் போனப்போ அம்மாகிட்ட அந்தச் சத்தத்தைச் செஞ்சு காட்டினோம். 'இதுல என்ன அதிசயம், எங்க வீட்டுல தினம் கேக்குறதுதானே'ன்னு சொல்லி, அவங்க உங்களை மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டினாங்க. அவ்வளவுதான் சார். ஒட்டிக்கிச்சு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "கவனிக்கவும். ஆடிட்டரம்மா மேலே போறாங்க. அதுவந்து பின்னாடி வரட்டும்."

பேர் சார் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"நான் பெயர்ப் பிரிவு. நாளைக்கே உத்தரவு போட்டு அந்தப் பேரை எடுக்கச் சொல்லப்போறேன்."

"தாராளமா போடுங்க," என்றாள் அவள், மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து. "வேண்டாம் வேண்டாம்னு சொன்னா இன்னும் கெட்டியா ஒட்டிக்குமாமே. மெக்கானிக் சொன்னாரு. பீரங்கிக்காரங்களும் அதே பேட்ஜ் வேணும்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. என்ன சொல்லட்டும் அவங்களுக்கு?"

பேர் சார் வாயைத் திறந்தார். உதடு துடித்தது. தொண்டை கொஞ்ச நேரம் இழுத்தது.

"அது வந்து..."

"அதேதான்," என்று ஊசியில் நூலைக் கோத்தாள் ஆடிட்டரம்மா.